அமாவாசைப் பூட்டு

அந்தப் பூட்டை நான் முதன்முதலில் பார்த்தபோது அது பூட்டாக இல்லை, விளையாட்டுச் சாமானாக இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் திண்டுக்கல் பூட்டு. ஆரணியில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருந்த சாயப்பட்டறையின் கதவு நாதாங்கியில் வாயைத் திறந்துகொண்டு தொங்கும். காற்றடித்தால் கதவில் மோதிச் சத்தம் போடும். தெருப் பிள்ளைகள் உள்ளே வந்தால் அதை ஒரு தட்டுத் தட்டி ஆடவிட்டுப் போவார்கள். களிம்பு ஏறிப் பச்சையாகி, அதன் மேல் பல வருஷத்துச் சாயம் தெறித்து, அது பித்தளையா இரும்பா என்பதே தெரியாது. கல்யாணமாகி வந்த புதிதில், புது மருமகளுக்கு இருக்கும் வழக்கமான சுறுசுறுப்பில், புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு அதைத் தேய்க்க உட்கார்ந்தேன். என் கணவருடைய அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அத்த இன்னாத்துக்கு தேய்ச்சிகினு கீற? பூட்டினாத்தான் அது பூட்டு" என்றாள். சாவி எங்கே என்று கேட்டேன். அது யாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பட்டறையைப் பூட்டாததற்குக் காரணம், அதற்குள் எப்போதும் ஆள் இருந்ததுதான். அந்த ஆள் என் மூத்தார், என் கணவருடைய அண்ணன். மாமனார் ஆரம்பித்த தொழிலை அவர் இளவயதிலேயே கையில் வாங்கிக்கொண்டார். பதப்படுத்தாத கோரா பட்டு நூலை வேகவைத்துப் பசை எடுப்பது, சாயப் பொடி நிறுப்பது, கலக்குவது, மூங்கில் கோலில் நூல் கற்றைகளான சிட்டங்களைக் கோத்து அண்டாவில் முக்கித் திருப்புவது, பிழிவது, நிழலில் உலர்த்துவது, உலர்ந்ததைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் முதலாளிமார் வீட்டில் கொடுப்பது என்று எல்லாம் அவரே. அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் தண்ணீர் இறைக்கவும் மட்டும் ஒரு வயதானவர் இருந்தார். அவரை எல்லோரும் அடுப்புக்காரர் என்றே கூப்பிடுவோம். மூத்தார் தூங்குவதும் பட்டறையில் போட்டிருந்த பெஞ்சில்தான். நூலுக்குக் காவல் என்று சொல்வார். அவர் முழங்கை வரை ஏறியிருந்த சாயம் எந்தச் சோப்புக்கும் போகாது. கோயிலில் அவர் கைகூப்பி நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் அந்தக் கையைப் பார்த்து, இந்த வாரம் எந்த முதலாளி வீட்டில் என்ன கலர் புடவை ஏறுகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

நான் பிறந்தது தேசூரில். என் அப்பாவும் தொழில் செய்தவர்தான். சின்ன மளிகைக் கடை. ஆனால் மத்தியானம் சாப்பிட்டதும் கடையின் பாதிப் பலகையைச் சாத்திவிட்டு, அரிசி மூட்டை மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். வந்தவர்கள் எதிரில் இருந்த மரத்தடியில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டு, அவர் எழுந்ததும் சாமான் வாங்கிப் போவார்கள். கடை என்றால் இப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தவள் நான். கடைக்காரன் தூங்கினால் வாடிக்கை போய்விடும் என்று ஒருவர் பயப்படுவதை ஆரணிக்கு வந்துதான் பார்த்தேன்.

அதிலும் அமாவாசை. எங்கள் ஊரில் தறி ஓடுகிற எந்தத் தெருவுக்கும் அன்றைக்கு விடுமுறை. மாதம் முழுவதும் பொழுது விடிந்ததிலிருந்து தடதடவென்று கேட்டுக்கொண்டிருக்கும் தறிச் சத்தம் அன்று ஒரேயடியாக நின்றுபோகும். காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். நெசவுக்காரர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, முன்னோருக்குப் படைத்து, சாப்பிட்டுத் தூங்கி, சாயங்காலம் பெண்டாட்டி பிள்ளைகளோடு சினிமாக் கொட்டகைக்குப் போவார்கள். எங்கள் வீட்டுப் பட்டறையில் மட்டும் புகை போய்க்கொண்டிருக்கும். அமாவாசைக்கு மறுநாள் தறியில் ஏறுகிறவனுக்கு நூல் ரெடியாக இருக்க வேண்டாமா என்பது மூத்தாருடைய கேள்வி. படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அக்கா கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். அவர் சாயக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து, நின்றவாக்கிலேயே நாலு வாய் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். "காக்காகூட உக்காந்து நிதானமா துன்னுட்டுப் போவுது. இந்த மனுஷன் நின்னுகினு முழுங்கறாரு" என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொல்வாள்.

சுவரைப் பார்த்துப் பேசுவதில் நான் அக்காவையும் மிஞ்சினவள். தம்பி மனைவி மூத்தாருக்கு நேரில் நின்று பேசக்கூடாது என்பது அந்த வீட்டின் வழக்கம். அவர் வந்தால் நான் கதவோரம் ஒதுங்கிக்கொள்வேன். காப்பி கொடுப்பதென்றால் கிணற்றுத் திட்டின் மேல் டம்ளரை வைத்துவிட்டு, கிணற்றிடம் சொல்வதுபோல, "காப்பி ஆறுது" என்பேன். அவரும் கிணற்றிடமே, "சர்க்கரை கம்மியா கீது" என்பார். இத்தனை வருஷத்தில் அந்தக் கிணற்றுக்கு எங்கள் குடும்ப விவகாரம் அத்தனையும் தெரிந்திருக்கும். என் கணவர் களம்பூரில் ஒரு அரிசி மில்லில் வேலை பார்த்தார். காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். ஆகவே பகல் முழுவதும் நானும் அக்காவும், எங்களுக்கும் மூத்தாருக்கும் நடுவில் அந்தக் கிணறும்தான்.

அவர் பணத்தாசையால் அப்படி உழைத்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தன் கையில் வந்த நிறம் இன்னொருவர் கையில் வராது என்று நம்பினார், அவ்வளவுதான். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது. அவர் போட்ட அரக்குச் சிவப்பைக் கல்யாணப் புடவைக்கு வேண்டும் என்று கேட்டு வருவார்கள். வெயிலில் ஒரு விதமாகவும் விளக்கில் ஒரு விதமாகவும் தெரியும் மயில்கழுத்து நிறம் போடுவதில் அவருக்குத் தனிப் பெருமை. முன்பெல்லாம் அவர் நல்ல கேலிக்காரராகவும் இருந்தார். அண்டாவில் கோலைத் திருப்பிக்கொண்டே அடுப்புக்காரரோடு வம்பளப்பார். சாயத்தில் என்ன வந்திருக்கிறது என்று அக்கா கேட்டால், "உன் தம்பி மூஞ்சி கலர்" என்பார். அந்தச் சிரிப்பு எப்போது நின்றது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரே நாளில் நிற்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் புடவை வியாபாரம் பெருகியது. புது முதலாளிகள் வந்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சரி என்று தலையாட்டினார். முதலில் வம்பளப்பு நின்றது. அப்புறம் கேலி நின்றது. கடைசியில் கிணற்றோடு பேசுவதும் நின்றது. காப்பி டம்ளரை நான் வைத்த இடத்திலிருந்து ஆறிப்போன காப்பியாகவே திரும்ப எடுத்து வருவேன்.

உடம்பும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள் நூல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பியவர் பஜாரைத் தாண்டி ஆற்றுப் பாலத்தின் பக்கம் போய் நின்றிருந்தார். எந்த வீட்டுக்குக் கொடுக்க வந்தோம் என்பது மறந்துவிட்டதாம். தெரிந்தவர் ஒருவர் பேச்சுக்கொடுத்துக் கூட்டி வந்தார். கேட்டதற்கு, வெயில் என்றார். சின்ன விஷயத்துக்கெல்லாம் அடுப்புக்காரரிடம் எரிந்து விழுந்தார். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர் வாயைத் திறந்தாலே பேஜார் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அக்கா சண்டை போட்டுப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள், ஒரு வேளை சமைக்காமல்கூட இருந்து பார்த்தாள். சமைக்காததை அவர் கவனிக்கவே இல்லை. என் கணவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "நான் உக்காந்தா யாரு பாக்கறது?" என்ற ஒரே பதில்தான் வரும்.

பட்டுச் சாயத்தில் ஒரு சங்கதி உண்டு. ஈர நூலின் நிறம் பொய் சொல்லும். தண்ணீரில் இருக்கும்போது அடர்த்தியாகத் தெரிவது உலர்ந்ததும் ஒரு படி வெளுத்துவிடும். அதனால் அண்டாவிலிருந்து சிட்டத்தைத் தூக்கியதும் நாலு இழையை ஒதுக்கிப் பிழிந்து, விரலில் சுற்றி, வாயால் ஊதி உலர்த்தி, அதன் பிறகே நிறம் பார்ப்பார்கள். இது சாயக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். எங்கள் தெருவில் பிள்ளைகள் சாயப்பட்டறை விளையாட்டு விளையாடும்போதுகூட வாழைநாரை விரலில் சுற்றி ஊதித்தான் விளையாடும். மூத்தார் ஊதுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். கண்ணை இடுக்கி, உதட்டைக் குவித்து, கைக்குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுகிறவர் போல அத்தனை மெதுவாக ஊதுவார்.

அந்த வருஷம் ஆவணியில் ஒரு பட்டு முதலாளி தன் மகள் கல்யாணத்துக்கு, வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே அரக்கில் புடவை நெய்ய நூல் கொடுத்திருந்தார். புடவையில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை முதலில் முடித்து உலர்த்தியாகிவிட்டது. அருமையான நிறம். குறுக்கே ஓடும் ஊடை நூலை அமாவாசைக்கு முதல் நாள் முக்கினார். நான் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அண்டாவிலிருந்து கோலைத் தூக்கினார். சொட்டச் சொட்ட ஈரச் சிட்டத்தைப் பக்கத்தில் தொங்கிய உலர்ந்த பாவு நூலோடு சேர்த்துப் பிடித்தார். பார்த்தார். "போதும், எடு" என்றார். நான் கையில் ஈரப் புடவையோடு அப்படியே நின்றேன். இப்போது ஊதுவார், இப்போது ஊதுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஊதவே இல்லை. அடுப்புக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் எரிந்து விழுவார் என்று அவரும் பேசவில்லை. உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா ஒரு கணம் யோசித்துவிட்டு, "அவரு கண்ணுக்குத் தப்புமா? நீ வேற" என்றாள். சொன்னாளே தவிர அவள் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் அமாவாசை. தெருவில் தறிச் சத்தம் இல்லை. அக்கா தலைக்குக் குளித்துவிட்டுப் படையலுக்கு வாழை இலை வாங்கப் போயிருந்தாள். நான் கிணற்றடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பட்டறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு முதலாளியின் கிளிப்பச்சைக்காகத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மூத்தார் மூங்கில் கழியில் உலர்ந்து கிடந்த ஊடை நூலை எடுக்கப் போனார். போனவர் நின்றுவிட்டார். ஒரே கழியில் அந்தப் பக்கம் பாவு, இந்தப் பக்கம் ஊடை. ஒன்று அரக்கு. மற்றது காய்ந்துபோன செங்கல்.

வெளுத்த நூலை மறுபடி முக்கி ஏற்றிவிடலாம். அடர்ந்துபோனால்தான் வம்பு. ஆகவே நூலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். சாயத் தண்ணீர் ஓடிய ஈரத் தரை. வேட்டி நனைந்தது. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்புக்காரர் பயந்துபோய் அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டார். அவர் யாரையும் பார்க்காமல், கிணற்றிடமும் இல்லாமல், வெறுமனே சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. அரக்கு, பச்சை, மஞ்சள் எல்லாம் கண்ணுக்குத் தெரியுது. ஆனா பாத்தா மனசுல ஒண்ணும் தோணல. எல்லாம் ஒண்ணாத்தான் கீது."

நிறம் பார்த்துப் பிழைக்கிற மனிதன், நிறத்தைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை என்கிறான். அவர் கொஞ்ச நேரத்தில் கையை ஊன்றி எழுந்தார். சாயப் பொடி டப்பாவை எடுத்தார். வெளுத்த நூலை இப்போதே முக்கி, நாளைக் காலையில் முதலாளி வீட்டில் சேர்த்துவிட வேண்டும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர் நிமிர முடியாமல் அண்டாவின் விளிம்பைப் பிடிக்கப் போனார். கொதிக்கிற அண்டா. அடுப்புக்காரர் பாய்ந்து தோளைப் பிடித்து இழுத்தார்.

நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. அந்த வீட்டில் நான் குரலை உயர்த்தியதே கிடையாது. ஆனால் அப்போது என் கால் தானாகக் கிணற்றுத் திட்டைச் சுற்றிக்கொண்டு நடந்தது. பட்டறைக்குள் போய், எரிந்துகொண்டிருந்த சவுக்குக் கட்டைகளை ஒவ்வொன்றாக அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டேன். அப்புறம் அவருக்கு நேராக நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இன்னிக்கு அமாவாசை மாமா. நம்ம ஊருல இன்னிக்கு யாரும் வேலை செய்யறது இல்ல. வீட்டுக்குள்ள வாங்க."

அடுப்புக்காரர் வாயைப் பிளந்தார். வாழை இலையோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த அக்கா, நான் மூத்தாருக்கு நேரே நிற்பதைப் பார்த்து, இலையை நழுவ விட்டாள். மூத்தார் என்னைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "நான் வந்துட்டா இதுக்குள்ள நூல் கீதேமா. தொறந்து போட்டுட்டு எப்பிடி வர்றது?" என்று கேட்டார். குழந்தை கேட்பது போல இருந்தது. பூட்டிவிட்டு வாருங்கள் என்றேன்.

அப்புறம்தான் சாவி நினைவு வந்தது. அந்த நேரத்திலும் எங்கள் வீட்டில் ஒரு கூத்து நடந்தது. அக்கா அஞ்சறைப்பெட்டியிலிருந்து பூஜை மாடம் வரை கவிழ்த்துப் பார்த்தாள். கிடைத்த சாவியெல்லாம் டிரங்குப் பெட்டிச் சாவிகள். அடுப்புக்காரர் பரணில் ஏறி, ஒட்டடையை எல்லாம் தலையில் வாங்கிக்கொண்டு இறங்கினார். நான் கிணற்றடி மாடத்தில் தேடினேன். ஒரு தேளைப் பார்த்ததோடு சரி. மூத்தார் பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் ஓடுவதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, சாயப் பொடி நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

அந்தத் தராசு மாமனார் காலத்துத் தராசு. ஒரு தட்டு கொஞ்சம் கனம் குறைந்தது. அதைச் சரிக்கட்டுவதற்காக அந்தப் பக்கத்துச் சங்கிலியில் ஏதோ ஒரு இரும்புத் துண்டு நூலில் கட்டித் தொங்கும். எங்கள் எல்லோருடைய கண்ணுக்கும் அது தினமும் பட்ட பொருள். சாயம் ஏறி ஏறி உருவமே தெரியாமல் தடித்துப்போயிருந்தது. அதுதான் சாவி. மாமனார் எந்தக் காலத்திலோ, கதவைப் பூட்டுகிற வேலை இல்லாததால் சும்மா கிடந்த சாவியைத் தராசில் கட்டிவிட்டார். அது மூத்தாருக்கு மட்டும் தெரியும். அவர் முடிச்சை அவிழ்த்தார். சாவி கையோடு வந்ததும் தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. இனி அதில் ஒரு சிட்டிகைப் பொடியைக்கூடச் சரியாக நிறுக்க முடியாது. அதையும் அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பூட்டு லேசில் மசியவில்லை. அடுப்புக்காரர் மண்ணெண்ணெய் விட்டு, தேங்காயெண்ணெய் விட்டு, கல்லால் தட்டி, திட்டி, எல்லாம் செய்தபின் கறமுறவென்று ஒரு சத்தத்தோடு சாவி திரும்பியது. கதவு பூட்டிக்கொண்டது. மூத்தார் சாவியை என் கையில் தரவில்லை. அத்தனைக்குப் பிறகும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. கிணற்றுத் திட்டின் மேல், நான் காப்பி வைக்கும் இடத்தில் வைத்தார். "நீயே வச்சிக்கமா. என்கிட்ட இருந்தா தொறந்துடுவேன்" என்றார். பேச்சு மட்டும் கிணற்றுக்கு இல்லை, எனக்கு.

அன்று அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். காக்கைக்கும் அவருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு நடந்தது. அப்படியே கூடத்தில் பாயை விரித்துப் படுத்தவர் மறுநாளும் தூங்கினார், அதற்கடுத்த நாளும் தூங்கினார். கூப்பிட்டால் எழுந்து சாப்பிடுவார், மறுபடி படுப்பார். பஜாரில் இருந்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, இவரை எழுப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சில நாள் சாயங்காலத்தில் காரணம் இல்லாமல் அழுவார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருப்பாள். சண்டைக்காரியான அக்காவுக்கு அத்தனை பொறுமை இருந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

எங்களுக்கு இருந்த பயமெல்லாம் கல்யாணப் புடவை முதலாளியைப் பற்றித்தான். ஊரில் வேறு சாயப்பட்டறைகள் இல்லாமல் இல்லை. நூலை வாங்கிக்கொண்டு போய்விட்டால், அடுத்தடுத்து எல்லோரும் போய்விடுவார்கள். மூத்தாருடைய பெயர் அத்தோடு சரி. அவர் இல்லாமல் நாங்கள் பிழைப்பது இருக்கட்டும், பெயர் போய்விட்டால் அவர் திரும்ப எழுந்திருக்கவே மாட்டார் என்று அக்கா பயந்தாள். முதலாளி ஒரு நாள் காலையில் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். பட்டறையில் பூட்டுத் தொங்குவதை வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு, பிறந்ததிலிருந்து இந்தக் கதவில் பூட்டைப் பூட்டிப் பார்த்ததில்லை, வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தார். மூத்தார் பாயில் எழுந்து உட்கார்ந்தார். ஊடை வெளுத்துப்போனதை மறைக்காமல் சொன்னார். ஈரத்தில் நிறம் பார்த்ததையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் தலை குனிந்துகொண்டது. அவசர நூலாயிற்றே, வேறு இடத்தில் கொடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதலாளி பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் கேட்டார். "கல்யாணம் தை மாசம். அவசரம்னு நானா சொன்னேன்? நூலைக் கையில வாங்கறப்பவே நாளைக்குத் தரேன், நாளைக்குத் தரேன்னு சொல்றது நீ. நான் ஒருநாளாவது ஜல்தி பண்ணி இருக்கனா?"

மூத்தார் யோசித்துப் பார்த்தார். முதலாளி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எல்லா முதலாளிகளும் அப்படி இல்லை, அவசரப்படுத்துகிறவர்களும் இருந்தார்கள். அவர்களில் இரண்டொருவர் அந்த மாதமே நூலை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், ஒருவர் திரும்பி வரவும் இல்லை. ஆனால் பாதி அவசரம் அவர் தலையில் அவரே ஏற்றிக்கொண்டது என்பது அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் முன்னால் வெளியே வந்து விழுந்தது. முதலாளி போனபின் மூத்தார் சிரித்தார். ரொம்ப நாள் கழித்து வந்த சிரிப்பு, கொஞ்சம் இருமலும் கலந்து வந்தது. "அந்தாள் சொல்றது நெசம்தான். நான்தான் சொல்லிகினு திரிஞ்சி கீறேன்" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அடுக்களைக்குள் வந்து என்னிடம் குசுகுசுவென்று, "இத்தினி வருஷம் நான் கத்தினது அந்த மனுஷன் காதுல ஏறல. வெளியில இருந்து முதலாளி வரணும், தம்பி பொண்டாட்டி அடுப்ப அணைக்கணும்" என்றாள். அதில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. நான் சிரித்ததும் அவளும் சிரித்துவிட்டாள்.

அவர் திரும்பப் பட்டறைக்குள் போனபோது புரட்டாசி பிறந்திருந்தது. என்னிடம் சாவி கேட்டு வாங்கி, கதவைத் திறந்து, சாவியைத் தராசில் கட்டிவிட்டு, முதல் வேலையாக அந்த ஊடை நூலை முக்கினார். நாலு இழையை எடுத்து விரலில் சுற்றி ஊதினார். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு இடத்தில் நின்று அதையே பார்த்தோம். அரக்கு சரியாக வந்துவிட்டது. அவர் மனசிலும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும், தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு மஞ்சள், பச்சை போன்ற நிறங்களை அடுப்புக்காரர் கையில் விட்டார். அரக்கையும் மயில்கழுத்தையும் மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். வாங்கும்போதே நாளைக்கு என்று சொல்லும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. அவர் வாயெடுக்கும்போதே அக்கா உள்ளேயிருந்து இருமுவாள். உடனே அடுத்த வாரம் என்று மாற்றிக்கொள்வார்.

அமாவாசைக்கு அமாவாசை தராசிலிருந்து சாவி இறங்கும், கதவு பூட்டப்படும், சாவி கிணற்றுத் திட்டுக்கு வரும், நான் எடுத்துக்கொள்வேன். ஓய்வு எடுக்கத் தெரியாத மனிதரின் ஓய்வைப் பார்க்க வேண்டுமே! முதல் சில அமாவாசைகளில் பூட்டிய கதவுக்கு முன்னால் நடந்துகொண்டே இருந்தார். பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, வேலூர் பஸ்ஸும் களம்பூர் பஸ்ஸும் போவதை வேடிக்கை பார்க்கப் பழகினார். வரும்போது எங்களுக்குப் போண்டா வாங்கி வருவார். கடைசியில் அக்காவைச் சினிமாவுக்குக் கூட்டிப் போகிற அளவுக்குத் தேறினார். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் முழுப் படமும் தூங்கிவிட்டு வருவார் என்று அக்கா குறை சொல்வாள். ஆனால் அமாவாசை வந்தால் மல்லிகைப்பூவை வாங்கி வைத்துக்கொண்டு முதல் ஆளாகத் தயாராகி நிற்பவளும் அவள்தான். நானும் அவரும் அதற்குப் பிறகு நேராகவே பேசிக்கொண்டோம். தெருவில் சில பேர் முகத்தைச் சுளித்தார்கள். கிணற்றுக்குத்தான் பேச்சுத் துணை போய்விட்டது.

மூத்தார் நிறைந்த வயதில்தான் போனார். அக்கா இப்போது சென்னையில் மகளோடு இருக்கிறாள். பட்டறையை என் மகன் நடத்துகிறான். கேஸ் அடுப்பு, எவர்சில்வர் தொட்டி, பட்டனை அழுத்தினால் எண் காட்டுகிற தராசு. பழைய தராசு பரணில் இருக்கிறது. சாவிக்கு அதில் வேலை இல்லாததால் என் இடுப்பில் தொங்குகிறது. தொழில் நன்றாகத்தான் நடக்கிறது. அவனும் நன்றாகத்தான் உழைக்கிறான், அதுதான் என் கவலை. கதவைப் பூட்டினாலும் அவன் பட்டறை பூட்டிக்கொள்வதில்லை, சட்டைப்பையிலேயே இருக்கிறது. யாரோ எங்கிருந்தோ போனில் ஒரு புடவையைப் படம் பிடித்து அனுப்பி இந்த நிறம் வேண்டும் என்கிறார்கள். சாப்பிடும்போது பார்க்கிறான், கோயிலில் பார்க்கிறான். போனில் தெரியும் நிறமும் ஈர நூலின் நிறம் மாதிரிதான், நம்ப முடியாது என்று அவனே புலம்புகிறான். நான் ஒன்றும் சொல்வதில்லை. பூட்டை மட்டும் மாதம் ஒரு முறை புளி போட்டுத் தேய்த்து வைக்கிறேன். இப்போது பளபளவென்று தங்கம் மாதிரி இருக்கிறது.

போன அமாவாசைக்கு என்னிடம் சாவி வாங்கிக் கதவைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகம் வாடிக் கிடந்தது. சாவியைத் தருவான் என்று கையை நீட்டினேன். சாவியோடு போனையும் சேர்த்து என் மடியில் வைத்தான். "நீயே வச்சிக்கமா. எங்கிட்ட இருந்தா எடுத்துப் பேசிடுவேன்" என்றான். பெரியப்பா அந்த வார்த்தையைச் சொன்னபோது அவன் பிறக்கவில்லை. நானும் அவனிடம் சொன்னதில்லை. அவன் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்தான், படுத்த மாத்திரத்தில் தூங்கிவிட்டான்.

போன் மடியில் அடிக்க ஆரம்பித்தது. எனக்கு அதை அணைக்கத் தெரியாது. முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்து போய், பூட்டைத் திறந்து, பட்டறைக்குள் பெஞ்சின் மேல் அதை வைத்துவிட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டினேன். உள்ளே அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காக்கைக்குச் சோறு வைக்கப் போனேன்.